வலப்பக்கம் திருகுங்கள்

அவளுக்குப் பிற்பகல் மூன்று பத்து.
எனக்கு விடிய இன்னும் நாலு மணி நேரம்.
ஒயிட்ஃபீல்டில் ஏழாவது மாடி, ஏசி பதினெட்டில்.
ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு
"பென்னி பேசுகிறேன்" என்கிறேன்.

பனிமலர் என்பது இங்கே எடுபடவில்லை.
பட்னாக்கார டீம் லீடர் முதலில் பானி என்றான்,
அவன் ஊரில் அது தண்ணீராம்.
பிறகு வாடிக்கையாளர்களுக்காகப் பென்னி ஆனேன்,
அவர்கள் ஊரில் அது ஆகச் சிறிய காசு.

டுலூத்தில் மைனஸ் இருபத்தேழு.
மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கணவன் பக்கத்தில் இருந்துவிட்டு
திருமதி லிண்ட்க்விஸ்ட் வீட்டுக் கதவைத் திறந்தால்
ஹீட்டர் செத்துக் கிடக்கிறது.
சுவருக்குள் குழாய் உறைந்து, பிளந்து,
அடித்தளத்தில் மூன்றாம் படிவரை தண்ணீர்.

பனி என்று நான் அறிந்தது
மார்கழியில் கேப் கண்ணாடிமேல் விரலால் பெயர் எழுத வருவது.
அது எதையும் உடைத்ததில்லை.

எனக்குக் கேட்கிறது, அவள் குரலுக்குப் பின்னால்
யாரும் தடுக்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும் சத்தம்.
என் தெருவில் அது கேட்டால்
ஆறு வீட்டிலிருந்து குடங்கள் ஓடி வரும்.

தண்ணீரில் கால் வைக்காதீர்கள், கரண்ட் இருக்கும்.
கராஜ் சுவரில், மீட்டர் பக்கம், சிவப்புப் பிடி.
வலப்பக்கம் திருகுங்கள்.
"வரவில்லை, பென்னி."
துணி சுற்றித் திருகுங்கள்.
ஏதோ முனகுகிறது, இரும்போ அவளோ.

நின்றுவிட்டது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
திரையில் அழைப்பு நேரம் சிவப்பாக ஏறுகிறது.

பிறகு படிவம்.
தண்ணீர் எந்த வகை?
ஒன்று, குழாய்த் தண்ணீர். இரண்டு, சோப்பும் அழுக்கும் கலந்தது.
மூன்று, சாக்கடை.
ஒன்றில் டிக் அடித்தேன். குடிக்கிற தண்ணீர்.
பம்ப் வைத்து உறிஞ்சி வெளியே பனியில் கொட்டுவார்கள்.
அப்புறம் விசிறிகள், காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்கும் பெட்டிகள்,
நாலு நாள், மணிக்கணக்கில் கட்டணம்.
வேன் கிளம்பிவிட்டது, மேடம்.
"எல்லாம் காய்ந்துவிடுமா?"
வாக்குக் கொடுக்கக் கூடாதென்பது விதி.
காய்ந்துவிடும் என்றேன்.

ஆறு மணிக்கு லாக்கரைத் திறந்து போனை எடுத்தால்
பதினொரு மிஸ்டு கால். எல்லாம் கீழ்வீட்டு ஸ்டெல்லா.

லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு வாரத்துக்கு ஒருதரம் தண்ணீர்.
எந்த நாள், எந்த மணி என்பது
வால்வுக்காரர் மனசில் இருக்கிறது.
அதனால் குழாயைத் திறந்தே போட்டு
அடியில் வாளி வைத்துவிட்டுத் தூங்குவோம். சத்தம் எழுப்பிவிடும்.
நேற்றும் எழுப்பித்தான் பார்த்திருக்கிறது.
நான்தான் இல்லை.

வாளி நிரம்பி, சமையலறை நிரம்பி,
பாய், தலையணை, அரிசி மூட்டையின் அடிப்பக்கம்.
ஸ்டெல்லா வீட்டு சீலிங்கில்
ஒரு ஆள் படுத்த அளவுக்கு ஈரம்.
"ஊரே தண்ணி இல்லாம கெடக்கு,
நீ மாடில ஏரி வெட்டி வச்சிருக்க" என்கிறாள்.
திட்டிக்கொண்டே துடைப்பத்தோடு மேலே வந்துவிட்டாள்.

குழாயை வலப்பக்கம் திருகினேன்.
அதில் எப்போதோ காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

பழைய நைட்டியால் ஒற்றி, பிழிந்து,
ஒற்றி, பிழிந்து,
முக்கால் வாளி சேர்ந்தபோது
ஸ்டெல்லா அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் போனாள்.
"ஐயோ, கொட்டாதே" என்றேன். "வகை ரெண்டு."
அவளுக்குப் புரியவில்லை.
"கக்கூசுக்கு ஆகும்."

வாளியைக் கீழே வைத்தாள்.
இன்னொரு காலி வாளி எடுத்துவர
படியிறங்கிப் போனாள்.